பத்துக்குப் பத்து

"உனக்குத் தமிழ் படிக்க வரும்தானே?" என்று வந்தனா சிஸ்டர் இந்தியில் கேட்டாள்.

"ஹாங்" என்றான் அஸாருதீன்.

வராது. ஆனால் கேள்வி கேட்கப்பட்ட இடம் அப்படி. செம்பூரில் ஒரு ட்ரஸ்ட் ஆஸ்பத்திரியின் நாலாம் மாடி. ஈரல், கணையம், பித்தப்பை கெட்டவர்களுக்கான வார்டு. பதினோராம் நம்பர் கட்டில். கட்டிலில் அவனுடைய வாப்பா ஷாகுல் ஹமீது, அன்று காலைதான் மூக்குக் குழாயை எடுத்த பிளாஸ்திரி அடையாளத்தோடு, கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்துவைத்துப் படுத்திருந்தார். மகளைத் தாராவி முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் படிக்க வைத்துவிட்டு மகனை மட்டும் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தவர். சேர்த்த பிறகு, பையனுக்குத் தமிழ் போய்விடுமே என்று பயந்து, மாதுங்காவில் மகாதேவன் சார் நடத்திய ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஆறு வருஷம் அனுப்பியவர். அஸார் அதில் நாலு ஞாயிறு போனான். மீதி ஞாயிறுகளில் பக்கத்து மைதானத்தில் லெக் ஸ்பின் போட்டான். வீட்டில் கல்யாணப் பத்திரிகை வந்தால் பின்பக்கம் இங்கிலீஷில் இருப்பதை முதலில் ஒரு நோட்டம் விட்டுக்கொண்டு, முன்பக்கத்தைப் பார்த்துத் தமிழில் 'வாசித்து' விடுவான். இருபத்து நாலு வயதுவரை பிடிபடவில்லை. இப்போது, மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்து எழுந்த மனிதருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டா உண்மையைச் சொல்வது?

வந்தனா சிஸ்டர் எண்பது பக்க நோட்டு ஒன்றை அவன் கையில் கொடுத்தாள்.

"சிரப் மூன்று வேளை. மோஷன் ஒரு நாளைக்கு மூன்று தடவை போக வேண்டும். போகாவிட்டால் சிரப்பைக் கூட்டு. அஞ்சாறு தடவை போனால் குறை, நிறுத்தாதே. உப்பு கிடையாது. தினமும் எடை பார். இதெல்லாம் எல்லாரும் செய்வார்கள். முக்கியமானது இந்த நோட்டு."

கெட்டுப்போன ஈரல் விஷத்தை வடிகட்டாது என்றும், அது ரத்தத்தோடு மூளைக்கு ஏறும் என்றும், வாப்பா எழுப்பினாலும் எழாமல் கிடந்தது அதனால்தான் என்றும் சொன்னாள். "தூக்கம் வருவதற்கு முன்னால் புத்தி கலங்கும். புத்தி கலங்குவது வெளியே தெரிவதற்கு முன்னால் எழுத்தில் தெரியும். தினமும் காலையில் இரண்டு வரி எழுதச் சொல்லு. நீ படித்துப் பார். எழுத்து கோணினாலும் சரி, எழுதினது அர்த்தமில்லாமல் போனாலும் சரி, அன்றைக்கே கொண்டு வா. அன்றைக்கே. அடுத்த தடவை லேட்டானால் இப்படி எழுந்து உட்கார மாட்டார்."

அஸார் தலையாட்டினான். வாப்பாவின் உயிர் ஒரு நோட்டில் இருந்தது. அது அவனுக்குத் தெரியாத எழுத்தில் இருந்தது. மற்றபடி ஏற்பாட்டில் குறை ஒன்றும் இல்லை.

வீடு தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில். கீழே ஸ்கூல் பேக் தைக்கும் கார்கானா, மேலே குடும்பம், நடுவே இரும்பு ஏணி. வயிற்றில் தண்ணீர் கோத்த மனிதர் ஏணி ஏற முடியாது என்பதால் கார்கானாவின் ஒரு மூலையில் கட்டில் போட்டார்கள். பேக் துணியையே திரையாகக் கட்டினார்கள். திரையில் நூற்றுக்கணக்கான குட்டி ராக்கெட்டுகள் பறந்துகொண்டிருந்தன. திரைக்கு அந்தப் பக்கம் நாலு மெஷின் ஓடியது. ஜூன் மாசம், பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். முதலாளி படுத்தால் பிள்ளைகள் பை இல்லாமல் போகுமா?

அஸார் ஒரு பார்சல் கம்பெனியில் கஸ்டமர் கேர். வீட்டிலிருந்தே வேலை. காதில் ஹெட்போனோடு, "உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது சார்" என்று நாக்பூரில் யாரிடமோ சொல்லிக்கொண்டே இங்கே சிரப்பை மூடியில் அளந்து ஊற்றுவான். வாப்பாவின் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டான். ஈரல் நோயில் உடம்பெல்லாம் அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும். ஈரத்துணியால் கை கால் துடைத்தான். கணுக்காலில் விரலால் அமுக்கி, பள்ளம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தான். கழுவிவிடவும் செய்தான். முதல் இரண்டு நாள் அவனுக்கு வாந்தி வந்தது; மூன்றாம் நாள் கழுவிவிட்டு வந்து பிரியாணி சாப்பிட்டான். மனிதனுக்கு எல்லாம் பழகும்.

உம்மா நஸீராவுக்கு மட்டும் சிரப் பழகவில்லை. "ஏலே, இது மருந்தா, பேதி மாத்திரையா? மூணு தடவ போயிட்டு வந்தா மனுசனுக்கு என்னல இருக்கும் ஒடம்புல?"

"உம்மா, போகத்தான் சிரப்பு. போகாட்டிதான் ஆபத்து."

"நல்லாருக்கே! ஊரெல்லாம் நிக்கதுக்கு மருந்து குடிக்கும், நம்ம வீட்டுல போறதுக்கு."

அவள் மோர் கொடுத்து நிறுத்தப் பார்த்ததை இரண்டு தடவை பிடித்தான். உம்மாவுக்கு மேலப்பாளையத்தில் ஓதக் கற்றுக்கொடுத்தார்கள்; அரபு எழுத்து தெரியும், தமிழில் கையெழுத்து மட்டும் போடுவாள். நோட்டு அவளுடைய இலாகா இல்லை. லாத்தா சஃப்ரீன், அவனுடைய அக்கா, கல்யாணமாகித் தூரத்தில் கோபர்கைரனேயில், இரண்டு பிள்ளைகளோடு. தினமும் சாயங்காலம் வீடியோ காலில் வந்து "வாப்பா, நல்லா இருக்கீங்களா?" என்பாள். வாப்பா "இருக்கேன்மா" என்பார். அதற்குள் அவள் பிள்ளை எதையாவது உடைக்கும், அவள் போய்விடுவாள்.

பள்ளிவாசல் கமிட்டி ஜெயினுலாப்தீன் ஒரு நாள் பார்க்க வந்தார். ஆப்பிள் பையைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மனுசன்னா தப்பு தண்டா இருக்கத்தான் செய்யும் பாய். அல்லாட்ட மன்னிப்புக் கேட்டு தௌபா செஞ்சிட்டா எல்லாம் சரியாயிரும்" என்றார். ஈரல் கெட்டால் குடி என்பது தாராவியில் எட்டாம் வகுப்பு அறிவியல்.

"டாக்டரு கொழுப்புன்னுல்லா சொன்னாரு" என்றார் வாப்பா.

"சொல்லத்தான் செய்வாவ பாய். நல்ல டாக்டரு."

அவர் போனதும் வாப்பா கூரையைப் பார்த்தபடி சொன்னார். "ஒரு தடவையாவது குடிச்சிருக்கலாம்ல. இம்புட்டுப் பேரு நம்புதாவ, பொய்யாக்கிட்டமே."

நோட்டு விஷயத்தில் அஸார் ஒரு முறை வைத்துக்கொண்டான். எழுத்து புரியாவிட்டால் என்ன, கோடு புரியாதா? வரி நேராகப் போகிறதா, எழுத்துகள் ஒரே உயரமா, கை நடுங்கிய சுழி இருக்கிறதா என்று பார்ப்பான். ஓரத்தில் சிவப்புப் பேனாவால் மார்க் போடுவான். ஏழு, எட்டு, ஒன்பது. போட்டுவிட்டு, "நல்லாருக்கு வாப்பா" என்பான். கஸ்டமர் கேரில் இரண்டு வருஷம் இருந்தவனுக்கு, என்ன சொன்னார்கள் என்று தெரியாமலே நன்றி சொல்ல வரும்.

முதல் சில நாள் இரண்டே வரி. பிறகு நாலாயிற்று, ஆறாயிற்று. எழுதி முடித்து நோட்டை நீட்டிவிட்டு வாப்பா அவன் முகத்தையே பார்ப்பார். "நல்லாருக்கு" என்றதும் சில நாள் சிரிப்பார். ஒரு நாள், "எதுல நல்லாருக்குன்னு சொல்லுத?" என்று கேட்டார். "எல்லாந்தான் வாப்பா" என்றான். அவர் யோசித்துவிட்டு, "அதுவும் செரிதான்" என்றார்.

பதினோராம் நாள் புதன்கிழமை. அன்று அரை மணி நேரம் எழுதினார். நிறுத்தி நிறுத்தி, பேனாவை உதட்டில் வைத்து. அஸார் ஹெட்போனில் உல்லாஸ்நகர்காரர் ஒருவருடைய உடைந்த மிக்ஸிக்காக வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தான். மைக்கை மூடிக்கொண்டு பார்த்தான். வரிகள் தண்டவாளம் மாதிரி இருந்தன. ஒன்பது.

"சரி வாப்பா, நல்லாருக்கு."

"நெசமாவா சொல்லுத?"

"நெசமாத்தான். டென்ஷனே வேண்டாம்."

வாப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்தார். கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு தலையணையில் சாய்ந்து, மாசக்கணக்கில் இல்லாத ஒரு பெருமூச்சு விட்டார். அன்று மத்தியானம் உப்பில்லாத குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உடம்பு தேறுகிறது என்று அஸார் லாத்தாவுக்கு மெசேஜ் போட்டான்.

பதினாறாம் நாள் திங்கட்கிழமை எழுதியதுதான் நோட்டிலேயே அழகானது. பக்கம் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, வரிக்கு வரி ஒரே மாதிரி, அச்சடித்த துணி போல. ஒரு சுழிகூடக் கோணவில்லை. அஸார் முதல் தடவையாகப் பத்துக்குப் பத்து போட்டான். பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் வரைந்தான். வாப்பா சிரிக்கவில்லை. சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். அவனே கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை எழுப்பப் போனபோது உம்மா தடுத்தாள். "இப்பத்தாம்ல கண்ண மூடுனாரு. தூங்கட்டும்." பத்து மணிக்கு எழுப்பினார்கள். பதினொரு மணிக்கு உலுக்கினார்கள். வாயில் ஏதோ அழுகின பழ வாடை அடித்தது. பக்கத்து மெஷின்காரர்கள் நாலு பேர் ராக்கெட் திரையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து ரோட்டில் டாக்ஸியில் ஏற்றினார்கள்.

மறுபடி நாலாம் மாடி. மறுபடி மூக்கில் குழாய். வயிற்றுத் தண்ணீரில் கிருமி ஏறிவிட்டது, கிட்னியும் மெதுவாகிறது என்றார் டாக்டர். மயக்கத்தில் குழாயைப் பிடுங்கப் போனதால் இரண்டு கைகளையும் பஞ்சு வைத்து, துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை வாப்பா கண்ணைத் திறந்தார். கூரையைப் பார்த்தார். கட்டிய கையைப் பார்த்தார். கடைசியாக அஸாரைப் பார்த்தார்.

"ஏன்ல கொண்டாந்த?"

"வாப்பா! தெரியுதா? நான் அஸாரு."

"தெரியுது. நீ சரின்னியேல."

வந்தனா சிஸ்டர் லீவில் இருந்தாள். அன்று டியூட்டியில் இருந்தது ஷாலினி என்ற சிஸ்டர். திலக் நகர்க்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும், தமிழ். அஸார் அவளிடம் ஓடினான். "சிஸ்டர், முழிச்சிட்டார். ஆனா இன்னும் கிளியரா இல்ல. என்னென்னமோ பேசறார்."

அவள் வந்து கையை அவிழ்த்துவிட்டு, கட்டிலில் குனிந்து கேட்டாள். "அண்ணாச்சி, இது எந்த இடம்?"

"செம்பூரு ஆஸ்பத்திரி."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"அந்தப் பொம்பள தொழுகைக்குப் போறதப் பத்திப் பேசிட்டு இருந்தா," பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியைக் கண்ணால் காட்டினார், "அப்ப வெள்ளிக்கிழம."

"நூறுல ஏழு போனா?"

"தொண்ணூத்தி மூணு. அதுல ஏழு போனா எம்பத்தாறு. போதுமா? இவன் என் மவன். எனக்கு வாக்குக் குடுத்தான். எழுதிக் கேட்டேன், படிச்சான், சரின்னான். ஒரு தடவைக்கு ரெண்டு தடவ சொன்னான்."

ஷாலினி நிமிர்ந்து அஸாரைப் பார்த்தாள். "இவரு தெளிவாத்தான் இருக்காரு. நீங்கதான் ஒரு மாதிரி இருக்கீங்க."

நோட்டு பையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நர்ஸ் மேஜைவரை போனான். மேஜையில் வைத்து, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாக்கியத்தைச் சொன்னான். "எனக்குத் தமிழ் படிக்க வராது சிஸ்டர்."

"பின்ன இந்த மார்க்கெல்லாம்?"

"கையெழுத்துக்கு."

அவள் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டாள். முதல் பக்கத்தைத் திருப்பி, மருந்துச் சீட்டு வாசிக்கிற குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தாள்.

"'ஷாகுல் ஹமீது. தொண்ணூறு அடி ரோடு. தாராவி.' மறுநாளும் அதேதான். மூணாவது நாளும். நாலாவது நாள்: 'பேர் எழுதி அலுத்துவிட்டது. மறந்தால் நானே சொல்கிறேன்.'"

அதற்கு அஸார் எட்டு மார்க் போட்டிருந்தான்.

"'உம்மாவின் குழம்பு நன்றாயில்லை. அவளிடம் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். உன்னிடமாவது உண்மையைச் சொல்கிறேன்.'"

'நல்லாருக்கு வாப்பா' என்று தான் சொன்னது அஸாருக்கு நினைவு வந்தது.

"'நீ என்னைக் கழுவும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய். நானும் சுவரைப் பார்க்கிறேன். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தால் கழுவுவது யார்? நாளையிலிருந்து நீ பார். நான் வெட்கப்பட மாட்டேன்.'"

ஷாலினி பக்கம் புரட்டினாள். பதினோராம் நாள். வாசிக்கத் தொடங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கினாள்.

"'அஸாருக்கு. அடுத்த தடவை எனக்குத் தூக்கம் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதே. மூக்கில் குழாய் வேண்டாம். கையைக் கட்ட வேண்டாம். இந்த ஈரல் திரும்ப வராது என்று டாக்டர் உன்னிடம் இங்கிலீஷில் சொன்னது எனக்குப் புரிந்தது. எனக்கு மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டு போக வேண்டும். உம்மாவும் சஃப்ரீனும் அழுவார்கள். நீதான் தாங்குவாய். சரியா?'"

ஏதோ கட்டிலில் மணி அடித்தது. ஷாலினி போய்விட்டு வந்தாள். அஸார் அதே இடத்தில் நின்றிருந்தான்.

"அடுத்த நாள்: 'கேட்டவுடன் சரி என்பாய் என்று எதிர்பார்க்கவில்லை. உன்னை இத்தனை நாள் விளையாட்டுப் பிள்ளை என்று நினைத்துவிட்டேன்.'"

"அதுக்கு எவ்ளோ போட்டிருக்கேன்?"

"ஏழு."

பிறகு அவள் வேகமாகப் புரட்டினாள். சனிக்கிழமைப் பக்கத்தில் விரல் நின்றது. "இங்கேயே ஆரம்பிச்சிருச்சு. 'சுடலைக்கண்ணனுக்கு இருபது டஜன், வாப்பா வந்ததும் கேட்க வேண்டும்'னு இருக்கு. அண்ணாச்சியோட வாப்பா இருக்காரா?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டார்."

ஞாயிற்றுக்கிழமை பாதிச் சொற்கள். திங்கட்கிழமைப் பக்கத்தை அவள் வாசிக்கவில்லை. நோட்டை அவன் பக்கம் திருப்பி, வரிகளின் மேல் விரலை ஓட்டினாள். "எல்லாம் ஒண்ணுதான். 'ஜிப் ஜிப் ஜிப் ஜிப்.' பக்கம் பூரா. எத்தனை ஜிப்புன்னு எண்ணல."

பத்துக்குப் பத்து. நட்சத்திரம்.

"சனிக்கிழமையே வந்திருந்தா...?" என்றான்.

ஷாலினி நோட்டை மூடினாள். "கொஞ்சம் லேசா வந்திருக்கலாம். இதேதான்னும் இருந்திருக்கலாம். கிருமிய உங்க மார்க்கு கொண்டு வரல." அது ஆறுதலாகச் சொன்னதா, நிஜமாகச் சொன்னதா என்று தெரியவில்லை. அவள் குரல் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அஸார் கணக்குப் போட்டுப் பார்த்தான். படிக்கத் தெரிந்திருந்தால் வாப்பாவை மூன்று நாள் முன்னாலேயே கொண்டுவந்திருப்பான். படிக்கத் தெரிந்திருந்தால் கொண்டுவந்தே இருக்க மாட்டான். இரண்டு பக்கமும் அவன்தான் தோற்றிருந்தான். இப்படி ஒரு ஆட்டத்தை அவன் மைதானத்தில்கூட ஆடியதில்லை.

திரும்பிப் போய் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தான். வாப்பா அவிழ்த்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா, எனக்குத் தமிழ் படிக்க வராது."

வாப்பா தேய்ப்பதை நிறுத்தினார்.

"மகாதேவன் சாரு க்ளாசு?"

"நாலு வாரம் போனேன்."

"மிச்சம்?"

"கிரிக்கெட்."

"ஆறு வருசமா?"

"ஆறு வருசம்."

வாப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே மோனோ ரயில், ஆளில்லாமல், யாரையும் அவசரப்படுத்தாமல் போய்க்கொண்டிருந்தது.

"அப்போ நல்லாருக்குன்னு சொன்னது எத?"

"எழுத்த."

"சரின்னது?"

 வாப்பாவின் மஞ்சள் கண்ணில் தண்ணீர் கட்டியது, கன்னத்தில் இறங்கவில்லை. 

"அஞ்சு நாளு நிம்மதியா இருந்தேன்ல. எம்மவன் ஆம்பளையாயிட்டான்னு."

அதற்கு மேல் அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. உதட்டை நனைத்துக்கொண்டு, "செரி, வாயால கேக்கேன்" என்றார். "அதுல எழுதுனதுதான். இப்ப சொல்லு."

அஸார் தரையைப் பார்த்தான். இத்தனை நாள் எதையும் கேட்காமல் நூற்றுக்கணக்கான பேருக்குச் சரி சார் சொன்ன வாய் திறக்கவில்லை. ஒரு வார்டுபாய் தரையைத் துடைத்துக்கொண்டு வந்தான், இவன் காலைத் தூக்கினான், துடைத்துவிட்டுப் போனான், காலை இறக்கினான்.

"எழுதிக் கேட்டா ஒடனே சொல்லுத. வாயால கேட்டா ஊமையாயிட்ட."

"வாப்பா, ஒரே ஒரு தடவ ட்ரை பண்ணலாம். கிட்னிக்கு ஏதோ ஊசி..."

"அது இல்ல நான் கேட்டது."

வாப்பா காத்திருந்தார். அவருக்கு வேறு வேலை இல்லை.

"சரி வாப்பா" என்றான். இந்தத் தடவை வாப்பா அவன் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. அவனாக அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

டாக்டர் தடுக்கவில்லை, தடுக்கிற மாதிரி, சொல்பேச்சை மீறி வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஷாலினி ஒரு மணி நேரம் அவனைப் பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுத்தாள். தலைமாட்டைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். வயிறு அழுத்தாமல் ஒருக்களித்துப் போட வேண்டும், முழங்காலுக்கு நடுவில் தலையணை. இரண்டு மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும். வாயை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். விழுங்க முடியாதபோது சொட்டுத் தண்ணீரும் ஊற்றக் கூடாது. "தூங்கினப்புறமும் பேசுங்க. காது கடைசிவரை இருக்கும்னு சொல்வாங்க." எழுதிக்கொடுக்கப் பேனாவை எடுத்தவள், அவனைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் எழுதினாள்.

வீட்டில் நாலு நாள் வாப்பா தெளிவாக இருந்தார். கட்டிலில் இருந்தபடியே ஒரு தையல் கோணலைக் கண்டுபிடித்துப் பிரிக்கச் சொன்னார். அஸார் கழுவும்போது சுவரைப் பார்க்கவில்லை; வாப்பாவும் பார்க்கவில்லை. நோட்டை யாரும் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம், பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வார்த்தையின் நடுவில் தூங்கிப்போனார்.

உம்மா ஏணியிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அஸார் லாத்தாவுக்குப் போன் பண்ணினான். கோபர்கைரனேயிலிருந்து அவள் வந்து சேர்ந்தபோது மணி நாலு.

"என்னடா பாத்துட்டு நிக்க? ஆம்புலன்ஸ் கூப்பிடு!"

"வேண்டாம் லாத்தா."

"வேண்டாமா? பாகல் ஆயிட்டியா, பைத்தியக்காரா? போன வாரம் இப்பிடித்தான கெடந்தாரு, எழும்பலயா?"

"வாப்பாதான் வேண்டாம்னாரு. எங்கிட்ட கேட்டாரு. நான் சரின்னேன்."

"நீ யாருடா சரிங்கதுக்கு? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? தெனமும் நான் போன்ல வாரேன், எங்கிட்ட சொல்லாதது ஒங்கிட்ட சொன்னாராக்கும்?" அவள் தன் போனை எடுத்து நம்பர் தட்டத் தொடங்கினாள்.

"உம்மா, சொல்லுங்க இவகிட்ட" என்றான்.  உம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் வந்தால் ஏற்றிவிடத் தயாராகவும், வராவிட்டால் உட்கார்ந்துவிடத் தயாராகவும், வாப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அஸார் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து லாத்தாவின் கையில் திணித்தான். "நீயே படி. உனக்கு வரும்ல."

அவள் நின்றபடியே படிக்கத் தொடங்கினாள். குழம்பைப் பற்றிய பக்கத்தில் ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாதது. சுவரைப் பற்றிய பக்கத்தில் அஸாரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பதினோராம் நாளில் நின்றாள். அதைப் படித்து முடித்து, முதலிலிருந்து மறுபடி படித்தாள். போனில் ஒரு குரல் "ஹலோ, ஹலோ" என்றது. அவள் பார்க்காமலே அதை அணைத்தாள்.

ஆனால் நோட்டை மூடவில்லை. மேலே புரட்டினாள். சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை, ஜிப். அதற்குப் பிறகு வெறும் பக்கம். அதையும் புரட்டினாள். அடுத்ததையும். எண்பது பக்க நோட்டில் மிச்சமிருந்த அறுபத்து நாலு பக்கத்தையும், ஒவ்வொன்றாக, ஒட்டிக்கொண்ட தாளை எச்சில் தொட்டுப் பிரித்து, கடைசி அட்டைவரை பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் எழுதலயாடா?"

திரைக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நிறுத்தட்டுமா என்று மத்தியானம் கேட்டவர்களிடம் அஸார்தான் வேண்டாம் என்று சொல்லியிருந்தான்.  வாப்பா எல்லாவற்றையும் படிக்கத் தெரியாதவனுக்கே எழுதியிருந்தார். படிக்கத் தெரிந்தவளிடம் "இருக்கேன்மா" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

மணியைப் பார்த்தான். இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

"லாத்தா, பக்கம் மாத்தணும். நீ அந்தப் பக்கம் வா. தோள்ல ஒரு கை, இடுப்புல ஒரு கை. இழுக்காத, உருட்டணும். வயித்தத் தொடாத."

அவள் நோட்டை உம்மாவிடம் கொடுத்துவிட்டு, கட்டிலைச் சுற்றிப் போய் மண்டிபோட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவன் சொன்ன இடத்தில் கையை வைத்தாள்.

"எண்ணுதேன். ஒண்ணு, ரெண்டு."

உருட்டினார்கள். வாப்பாவின் தலை சுவர்ப் பக்கமிருந்து மெல்லத் திரும்பி, சஃப்ரீன் இருந்த பக்கம் வந்து நின்றது.